யார் சொல் அம்பலம் ஏறும்?

1806ஆம் ஆண்டு ஜூன் மாதம். வேலூர்க் கோட்டையில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் மேலதிகாரி லெப்டினன்ட் கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய், கோட்டையில் உள்ள வெள்ளையரைக் கொல்லச் சிப்பாய்கள் சதி செய்கிறார்கள் என்று சொன்னார். அதை விசாரிக்கும் பொறுப்பை ஃபோர்ப்ஸ் படையின் இந்திய அதிகாரிகளிடமே ஒப்படைத்தார். அவர்கள் கூடிப் பேசி, புகார் பொய், புகார் சொன்னவன் நம்பத் தகாதவன் என்று முடிவு சொன்னார்கள். முஸ்தபா பேக் காவலில் வைக்கப்பட்டார். ஜூலை 10 விடிவதற்குள் அவர் சொன்னது நடந்துவிட்டது. அதன் பிறகுதான் அவருக்கு விடுதலை கிடைத்தது. 2000 வராகனும் சுபேதாருக்கு உரிய ஓய்வூதியமும் கொடுத்து, தாமதமாக நம்பியதற்கு ஈடுகட்டியது கிழக்கிந்தியக் கம்பெனி.

அதே ஆண்டு நவம்பரில், பாளையங்கோட்டையில் தளபதியாக இருந்த மேஜர் ஜேம்ஸ் வெல்ஷின் காதுக்கு ஒரு வதந்தி எட்டியது. அங்கும் சிப்பாய்கள் ஐரோப்பியரைக் கொல்லப்போகிறார்கள் என்றார்கள். இந்த முறை குழு அமைத்து விசாரிக்கும் அளவுக்கு யாருக்கும் பொறுமை இல்லை. நூற்றுக்கணக்கான முஸ்லிம் சிப்பாய்களின் ஆயுதங்களைப் பறித்து, அவர்களைக் கோட்டைக்கு வெளியே துரத்தினார் வெல்ஷ். உதவி கேட்டு இலங்கைக்கும் ஆள் போனது. பின்னர் ஆராய்ந்து பார்த்தபோது அந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லை என்று தெரிந்தது. வெல்ஷ் மீது படை நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, கௌரவமாக விடுவிக்கப்பட்டார்.

ஐந்து மாத இடைவெளியில் ஒரே படையில் நடந்தவை இவை. ஜூனில் மெய்யைப் பொய் என்று தள்ளினார்கள், நவம்பரில் பொய்யை மெய் என்று ஏற்றார்கள். இரண்டு இடத்திலும் செய்தியின் தரத்தை யாரும் எடை போடவில்லை. முஸ்தபா பேக்கை நம்பினால், தன் சிப்பாய்கள் தன்னிடம் விசுவாசமாக இருக்கிறார்கள் என்ற நிம்மதியை ஃபோர்ப்ஸ் இழக்க வேண்டியிருக்கும். வேலூரைப் பார்த்துவிட்ட வெல்ஷுக்கோ நம்பாமல் இருந்தால்தான் நஷ்டம். ஒரு கதையை நம்புவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும்போது, அதை நம்பினால் நமக்கு என்ன போகும் என்ற கணக்கையும் நம்மை அறியாமலே போட்டுவிடுகிறோம். அந்தக் கணக்கில் சொல்பவரின் பதவி, நிறம், சாதி எல்லாமே சேர்ந்துகொள்கின்றன. தவறாக நம்பாமல் போனதன் விலையைச் சிப்பாய் காவலில் இருந்து கொடுத்தார். தவறாக நம்பியதன் விலையையும் சிப்பாய்களே கொடுத்தார்கள். தீர்மானித்த அதிகாரிக்கோ கௌரவ விடுதலை. வேலூர்க் கிளர்ச்சியின் 200 ஆண்டு வரலாறு முழுவதும் இந்த ஏற்றத்தாழ்வு தொடர்கிறது.

கிளர்ச்சியின் பின்னணி பலருக்கும் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் 1805 நவம்பரில் புது மாதிரித் தலைப்பாகை ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தார். அது பார்வைக்கு வெள்ளையரின் தொப்பியைப் போலவே இருந்தது. அதில் தோலால் ஆன அலங்காரம் வேறு. 1806 மார்ச்சில் அச்சான படை விதிகளில் ஒரு பத்தி, சீருடையில் இருக்கும் சிப்பாய் நெற்றியில் நாமமோ திருநீறோ இடக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே மாதிரி வெட்டிக்கொள்ள வேண்டும் என்றது. மார்பில் அணியத் தந்த திருகாணிக் கருவி சிலுவை வடிவில் இருந்தது. ஊரில் எழுந்த பேச்சு ஒன்றுதான்: தொப்பி போடுகிறவன் நாளை கிறிஸ்தவனாவான், அவனுக்குப் பெண் கொடுப்பவரும் இருக்க மாட்டார்கள், உடன் உண்பவரும் இருக்க மாட்டார்கள்.

இந்த உத்தரவுகளில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை என்று மேலிடம் நம்பியதற்குக் காரணமும் இருந்தது. கேட்கப்பட்ட இந்திய அதிகாரிகள் ஆட்சேபம் இல்லை என்றே சொன்னார்கள். அவர்கள் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? பதவி உயர்வும் ஓய்வூதியமும் ஒரு வெள்ளை அதிகாரியின் கையெழுத்தில் இருக்கும்போது, அந்த அதிகாரியே நேரில் வந்து பிடித்திருக்கிறதா என்று கேட்டால் பிடித்திருக்கிறது என்பதுதான் பதில். கம்பெனி அந்தப் பதிலைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டது. 1806 மே மாதம் வேலூரிலேயே 4ஆம் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த சிப்பாய்கள் தலைப்பாகையை அணிய மறுத்தபோது, அந்த வெளிப்படையான சொல்லை அது சாட்சியமாக ஏற்கவில்லை. குற்றமாகவே பார்த்தது. ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் தலா 900 கசையடி விதிக்கப்பட்டது. மற்ற 19 பேர் மன்னிப்புக் கேட்டுத் தப்பினார்கள். இடையில் கிரடாக்குக்கே சந்தேகம் வந்து, உத்தரவைத் திரும்பப் பெறலாமா என்று ஆளுநர் வில்லியம் பெண்டிங்கின் சபையைக் கேட்டார். ஜூலைத் தொடக்கத்தில் சபை, விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தது. எச்சரிக்கைகளுக்குக் குறைவே இருக்கவில்லை. ஆமோதிக்கும் குரலை மட்டும் கேட்பதற்கு ஏற்றபடி அமைந்த காதுகளில் அவை ஏறவில்லை.

ஜூலை 10 அதிகாலை என்ன நடந்தது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. கோட்டைக்குள் 69ஆம் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த வெள்ளை வீரர்கள் ஏறத்தாழ 370 பேரும் இந்தியச் சிப்பாய்கள் சுமார் 1500 பேரும் இருந்தார்கள். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு அங்கே கொண்டுவரப்பட்ட திப்பு சுல்தானின் குடும்பமும் இருந்தது. முந்தின நாள் திப்புவின் மகள் ஒருத்திக்குத் திருமணம். இரவு மூன்று மணியளவில் துப்பாக்கிகள் வெடித்தன. கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். 69ஆம் ரெஜிமென்ட்டில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மருத்துவமனையில் நோயாளிகளாகப் படுத்திருந்தவர்களும் அதில் அடக்கம். கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது. காலையில் ஆற்காட்டிலிருந்து கர்னல் ராலோ கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தார். கதவுகள் பீரங்கியால் தகர்க்கப்பட்டன. நண்பகலுக்குள் எல்லாம் முடிந்தது.

முடிந்த பிறகுதான் கதைகள் தொடங்கின.

முதலில் புறப்பட்டது வீரக் கதை. தன் படைக்கு முன்னால் குதிரையைச் செலுத்திக்கொண்டு வந்து, கதவு உடைபடும் வரை காத்திராமல் மேலே இருந்தவர்கள் இறக்கிய கயிற்றைப் பிடித்துச் சுவரேறிய கில்லெஸ்பி அதன் நாயகர். அவருக்கு லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் சிலை இருக்கிறது. பிறந்த ஊரான அயர்லாந்தின் காம்பரில் தூண் இருக்கிறது. ஹென்றி நியூபோல்ட் அவர் பெயரையே தலைப்பாக வைத்துக் கவிதை எழுதினார். அந்தக் கதையில் வேலூர், நாயகர் வந்து சேர வேண்டிய இடம் மட்டுமே. சிப்பாய்கள் அவர் வெல்ல வேண்டிய கூட்டம்.

அடுத்தது ஒரு விதவையின் கதை. தளபதி ஃபேன்கோர்ட்டின் மனைவி அமீலியா இரண்டு குழந்தைகளோடு கோழிக்கொட்டகையில் ஒளிந்து உயிர் தப்பினார். நடந்ததை இரண்டு வாரத்துக்குள் எழுதி வைத்தார். 1842இல் அது சிட்னியில் ஒரு பத்திரிகையில் அச்சாகி வெளிவந்தது. அந்த இரவின் பயங்கரத்தை அதைவிட நெருக்கமாகச் சொல்லும் எழுத்து கிடைப்பது அரிது. அதில் பொய் இருக்கிறது என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. ஆனால் அவர் இருந்த இடத்திலிருந்து எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அதில் இருக்கிறது. கசையடி வாங்கியவனின் முதுகு அந்தக் கொட்டகையிலிருந்து தெரியாது. கோட்டையிலிருந்து தப்பி ஓடி, தலைமறைவாகத் திரிந்த சிப்பாயின் மனைவியும் ஏதோ ஓர் ஊரில் இரண்டு குழந்தைகளோடு இருந்திருப்பாள். அவள் கதையைக் கேட்டு எழுதிக்கொள்ள ஆள் இல்லை.

மூன்றாவது, அதிகாரிகளின் கதைகள். இவைதான் மிகவும் சுவாரசியமானவை. ஒவ்வொருவரும் கண்டுபிடித்த காரணம் அவரவர் பதவியைக் காப்பாற்றும் காரணமாகவே இருந்தது. மேஜர் ஜெனரல் பேட்டர் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு இரண்டு காரணங்களைச் சொன்னது. ஒன்று, தலைப்பாகையும் உடை மாற்றங்களும். மற்றொன்று, திப்பு குடும்பம் வேலூரில் இருந்தது. உத்தரவு போட்ட ராணுவத் தரப்பு இரண்டாவது காரணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. திப்புவின் மக்கள் தூண்டிவிட்டார்கள் என்றால், தலைப்பாகை வெறும் சாக்குப்போக்கு ஆகிவிடும். ஆளுநர் பெண்டிங்கோ, நெற்றிக்குறியைத் தடை செய்த பத்தி விதித் தொகுப்பில் புகுந்ததே தன் கவனத்துக்கு வரவில்லை என்றார். 1807இல் பெண்டிங், கிரடாக் இருவரையும் கம்பெனி இயக்குநர்கள் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். தனக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று இயக்குநர்களுக்குப் பெண்டிங் எழுதிய நீண்ட மனு 1810இல் லண்டனில் அச்சானது. அவருடைய சொல் வீண்போகவில்லை. 1828இல் அவர் தலைமை ஆளுநராகவே இந்தியாவுக்குத் திரும்பி வந்தார்.

லண்டனிலோ வேலூர் இன்னொரு சண்டைக்கு ஆயுதமானது. இந்தியாவில் கிறிஸ்தவ மதப் பரப்பலை எதிர்த்தவர்கள், சிப்பாய்கள் மதமாற்றத்துக்கு அஞ்சியே எழுந்தார்கள் என்றார்கள். 1807இல் தாமஸ் ட்வைனிங் கம்பெனித் தலைவருக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் அந்த வாதத்தைத் தொடக்கிவைத்தது. மிஷனரிகளின் பக்கம் நின்றவர்கள், வேலூரில் பிரச்சினை ஒரு தலைப்பாகைதான், எங்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று பதில் சொன்னார்கள். துண்டுப் பிரசுரத்துக்கு எதிர்ப் பிரசுரம் என்று ஆண்டுக்கணக்கில் இது ஓடியது. சிப்பாயின் மனதில் என்ன இருந்தது என்பதே விவாதப் பொருள். விவாதித்தவர்களில் ஒரு சிப்பாய்கூட இல்லை.

சிப்பாய்கள் பேசவே இல்லையா? பேசினார்கள். விசாரணையில் அவர்கள் சொன்னவை கம்பெனி ஆவணங்களில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. எந்த நிலையில் பேசினார்கள் என்பதைத்தான் யோசிக்க வேண்டும். கேள்வி கேட்டவர் வென்றவர். பதில் சொன்னவர் கைதி. தமிழிலோ தெலுங்கிலோ இந்துஸ்தானியிலோ சொன்னது ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. என்ன கேட்டார்களோ அதற்கு மட்டும்தான் பதில் உண்டு, கேட்காததைச் சொல்ல இடம் இல்லை. திப்புவின் மக்களைப் பற்றிக் கேட்டால் திப்புவின் மக்களைப் பற்றிய வாக்குமூலம் குவியும். மற்றவரைக் காட்டிக்கொடுத்தால் தன் உயிர் தப்பலாம் என்பதும் பதில் சொல்பவருக்குத் தெரியும். விசாரணை முடிவில் 6 பேர் பீரங்கி வாயில் வைத்துச் சிதறடிக்கப்பட்டார்கள். 5 பேர் சுடப்பட்டார்கள், 8 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், 5 பேர் நாடு கடத்தப்பட்டார்கள். கிளர்ச்சி செய்த படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டு, அவற்றின் எண்களே படைப் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டன.

கணக்கிலும் இதே ஏற்றத்தாழ்வுதான். இறந்த வெள்ளை அதிகாரிகள் 14 பேர் என்பது தெரியும். 69ஆம் ரெஜிமென்ட்டில் இறந்தவர்கள் 115 பேர் என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். இறந்த சிப்பாய்கள் எத்தனை பேர்? 350 என்று ஒரு கணக்கு, 800க்கும் மேல் என்று இன்னொரு கணக்கு. இரண்டுக்கும் இடையில் நானூற்றைம்பது உயிர்கள் இருக்கின்றன. எண்ணுவது என்பதே நம்புவதன் முதல் படி. எண்ணப்படாதவனின் சாவை வரலாற்றில் நிரூபிப்பது கடினம்.

இறந்த சிப்பாய்களில் ஒரு பகுதியினர் எப்படி இறந்தார்கள் என்பது நமக்குத் தெரியவந்த விதமும் கவனிக்கத்தக்கது. கில்லெஸ்பியோடு ஆற்காட்டிலிருந்து வந்த ஜான் பிளாகிஸ்டன் என்ற இளம் பொறியியல் அதிகாரி 1829இல் தன் ராணுவ அனுபவங்களை நூலாக வெளியிட்டார். திப்பு குடும்பம் இருந்த அரண்மனையில் தஞ்சம் புகுந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் வெளியே இழுத்துவரப்பட்டு, பந்தாட்டச் சுவர் ஒன்றின் அருகே நிறுத்தப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டதை அவர் அதில் எழுதினார். விசாரணை கிடையாது, தீர்ப்பு கிடையாது. அன்று அதைத் தான் கலங்காமல் பார்த்துக்கொண்டு நின்றதையும், அது தனக்கு நியாயமாகவே பட்டதையும் அவர் மறைக்கவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் செயலை ஏற்பதும் கடினமாக இருக்கிறது, அன்று தனக்கு இருந்த உணர்வுக்குக் காரணம் சொல்வதும் கடினமாக இருக்கிறது என்றும் சேர்த்து எழுதினார். ஒரே மனிதர், ஒரே காட்சி. நடுவில் 23 ஆண்டுகள். பயமும் கோபமும் வடிந்தபின் அவரே தன் பழைய பார்வைக்கு வெளியே வந்து நிற்கிறார். ஆனால் இதைச் சிப்பாய் ஒருவர் சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள் என்ற கேள்வி நிற்கத்தான் செய்கிறது. சிப்பாய்கள் கொல்லப்பட்ட உண்மை வெளியே வருவதற்கும் ஒரு வெள்ளை அதிகாரியின் மனம் இளக வேண்டியிருந்தது.

நாடு விடுதலையான பிறகு சொல்பவர்கள் மாறினார்கள். அதனால் கதையும் மாறியது. பி. சின்னையன் 1982இல் வெளியிட்ட ஆய்வும், கே.ஏ. மணிகுமார் 2007இல் வெளியிட்ட ஆய்வும் கம்பெனியின் ஆவணங்களையே வேறு கண்ணோடு வாசித்து, தலைப்பாகைக்குப் பின்னால் இருந்த ஊதியக் குறையையும் அவமானத்தையும் அரசியல் கோபத்தையும் வெளியே கொண்டுவந்தன. 2006இல் 200ஆம் ஆண்டு நினைவாக அஞ்சல் தலை வெளியானது. ஒவ்வொரு ஜூலை 10ஆம் தேதியும் வேலூரில் கோட்டை அருகே உள்ள நினைவுத்தூணுக்கு மாலை போடுகிறார்கள். 1857க்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுந்தது எங்கள் ஊர் என்று வேலூர்க்காரர்கள் பெருமையோடு சொல்வதில் நியாயம் இருக்கிறது. இத்தனை காலம் கூட்டமாக மட்டுமே தெரிந்தவர்களுக்கு முகம் கிடைத்தது இந்தத் திருத்தத்தால்தான்.

ஆனால் திருத்தி எழுதியவர்களுக்கும் ஒரு பார்வை உண்டு. அந்தப் பார்வையிலிருந்து சில தெரியாமல் போகின்றன. மேடைப் பேச்சுகளில் மருத்துவமனையில் கொல்லப்பட்ட நோயாளிகள் வருவதில்லை. ஆங்கிலேயர் சொன்ன வீரக் கதையில் பந்தாட்டச் சுவர் வராதது எப்படியோ, அப்படித்தான் இதுவும். கில்லெஸ்பியோடு ஆற்காட்டிலிருந்து வந்தவர்களில் சென்னைப் படையின் 7ஆம் குதிரைப்படையும் இருந்தது. அவர்களும் இந்தியர்கள். கோட்டைக்குள் நுழைந்து சிப்பாய்களை வெட்டியதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. தேசத்தின் கதையில் அவர்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டோம். அதே காரணத்துக்காக முஸ்தபா பேக்கும் இரண்டு கதைகளிலும் அடங்குவதில்லை. ஒரு தரப்புக்கு அவர் விசுவாசி, மறு தரப்புக்குக் காட்டிக்கொடுத்தவர். தன் படையிலேயே தனியாகிப்போன ஒரு மனிதர், என்ன நினைத்து அந்த அதிகாரியின் முன்னால் போய் நின்றார் என்று இருவருமே கேட்பதில்லை.

இவ்வளவு சொன்னபின் ஒரு சந்தேகம் எழுவது இயல்பு. எல்லாமே பார்வை என்றால், எல்லாக் கதைகளும் சமம்தானா? உண்மை என்று ஒன்று கிடையாதா? இப்படி முடிவுகட்டுவது சோம்பேறித்தனம். வலியவனுக்கு அது வசதியும்கூட. எதையும் நிரூபிக்க முடியாது என்று ஆகிவிட்டால், ஏற்கெனவே அச்சில் இருக்கும் கதையே நிலைத்துவிடும். வேலூர் விஷயத்தில் பல கேள்விகளுக்கு உறுதியான விடை உண்டு. அந்த விடைகள் கிடைத்ததும், சொன்னவர் யார் என்று கவனித்துப் படித்ததால்தான். தலைப்பாகைதான் கோபத்தைக் கிளறியது என்று சிப்பாய்கள் சொன்னால், கைதிகள் தப்பிக்கச் சொல்கிறார்கள் எனலாம். அதையே கம்பெனி அமைத்த குழுவும் ஒத்துக்கொள்ளும்போது அப்படித் தள்ள முடியாது. தஞ்சம் புகுந்தவர்கள் சுடப்பட்டார்கள் என்பதைச் சொன்னவர் வென்ற தரப்பின் அதிகாரி. அதைச் சொல்வதால் அவருக்கு ஆதாயம் ஏதும் இல்லை. தனக்குப் பாதகமானதை ஒருவர் தானே சொன்னால் அந்தச் சொல்லுக்கு எடை கூடும். எதிரெதிர்த் தரப்பினர் தங்களை அறியாமல் ஒத்துப்போகும் இடத்தில் தரை கெட்டியாக இருக்கும். பார்வையைக் கணக்கில் எடுத்துக்கொள்வது, உண்மையை நெருங்குவதற்கான வேலை.

சொல்பவரின் தகுதி, சொல்லின் தகுதியை விழுங்கிவிடுவது அந்நிய ஆட்சியோடு முடிந்துவிட்டதாக நினைக்கவும் இடமில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலிக்காரக் குடும்பங்களைச் சேர்ந்த 44 தலித்துகள் ஒரு குடிசைக்குள் எரிந்து இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் நிலவுடைமையாளர்கள் சிலருக்குத் தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெரும் நிலக்காரர்கள், ஒருவருக்குக் காரும் சொந்தமாக இருந்தது, அப்படிப்பட்டவர்கள் வேலையாட்கள் துணையில்லாமல் தாங்களே நடந்து போய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற பொருள்பட அந்தத் தீர்ப்பு வாதிட்டது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று நம் ஊரில் சொல்வார்கள். இங்கே அந்தச் சொல் அம்பலம் வரைக்கும் ஏறிவிட்டது. ஏறியபின் அதை இறக்கிவிட்டது எதிர்த்தரப்பின் செல்வாக்குதான். வேலூரில் சிப்பாயை நம்பாமல் இருந்ததற்கு அவன் தாழ்ந்தவன் என்பது காரணம். கீழ்வெண்மணியில் கூலிக்காரரை நம்பாமல் இருந்ததற்கு எதிராளி உயர்ந்தவர் என்பது காரணம். இரண்டும் ஒரே தராசின் இரு தட்டுகள்.

அதிகாரத்தில் இருப்பவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. நம்ப மறுப்பது அவர்களுக்கு எப்போதும் லாபமாக முடிவதில்லை. 1864இல் சிப்பாய்ப் போரின் வரலாற்றை எழுதத் தொடங்கிய ஜான் கே, 1857இன் கதையைச் சொல்வதற்கு வேலூர் வரை பின்னே போக வேண்டியிருந்தது. கொழுப்புத் தடவிய தோட்டாக்கள் பற்றிய முணுமுணுப்பு எழுந்தபோது, தலைப்பாகையைப் பற்றிய முணுமுணுப்பை நினைவில் வைத்திருந்தவர்கள் மேலிடத்தில் போதவில்லை. ஆவணங்கள் இருந்தன, அறிக்கைகள் இருந்தன. கீழே இருப்பவன் சொல்வதை அவன் சொல்கிறான் என்பதற்காகவே கழித்துவிடும் பழக்கமும் அப்படியே இருந்தது.

இன்று நமக்குச் செய்ய வேண்டிய வேலை உண்டு. வேலூரைப் பற்றிய கம்பெனி ஆவணங்களில் கணிசமானவை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. விசாரணையில் சிப்பாய்கள் சொன்ன வாக்குமூலங்கள் எளிய தமிழில், கேட்கப்பட்ட கேள்விகளோடு சேர்த்து, மாணவர் கைக்குப் போக வேண்டும். அதன் பக்கத்திலேயே அமீலியா ஃபேன்கோர்ட் எழுதியதும் பிளாகிஸ்டன் எழுதியதும் இருக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் கிளர்ச்சிக்கான காரணங்கள் நான்கு என்று வரிசை போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட, இந்தக் காரணத்தைச் சொன்னவர் யார், இதைச் சொன்னதால் அவருக்கு என்ன கிடைத்தது என்று பதினான்கு வயதுப் பிள்ளையைக் கேட்கப் பழக்கலாம். அந்தப் பழக்கம் வேலூரோடு நிற்காது. காவல் நிலையத்தில் பதிவாகும் புகாரையும், விசாரணை ஆணையத்தின் அறிக்கையையும், தொலைக்காட்சி விவாதத்தில் உரத்துப் பேசுபவரையும் அந்தப் பிள்ளை அதே கேள்வியோடு பார்க்கும்.

சொல்பவரைச் சந்தேகிக்க நாம் நன்றாகவே பழகியிருக்கிறோம். இவன் ஏன் இதைச் சொல்கிறான், இவளுக்கு என்ன ஆதாயம் என்று உடனே கேட்டுவிடுகிறோம். அந்தக் கேள்வியில் தவறில்லை. அதைப் பாதியில் நிறுத்திவிடுவதில்தான் தவறு. இதை நம்பினால் எனக்கு என்ன இழப்பு, நம்பாமல் இருந்தால் எனக்கு என்ன வசதி என்று கேட்பவர் தன்னிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஃபோர்ப்ஸ் தன்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், விசாரிக்கும் வேலையைச் சதிக்கு மிக அருகில் இருந்தவர்களிடமே கொடுத்திருக்க மாட்டார். வெல்ஷ் கேட்டிருந்தால், நூற்றுக்கணக்கானவர்களை வதந்தியின் பேரில் தெருவில் விட்டிருக்க மாட்டார். நீதிபதிகள் கேட்டிருந்தால், காரும் நிலமும் சாட்சியத்தின் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்காது. தன் காதைச் சோதித்துக்கொள்ளாத சமூகத்தில், எத்தனை புதிய சாட்சிகள் வந்து நின்றாலும் பழைய தீர்ப்புகளே திரும்பத் திரும்ப எழுதப்படும்.